கண்ணாடி பார்த்த பிறகு

காலை பத்தேகால் மணி. 2006 குளிர்காலம், லைப்சிக்கில் ஓர் அருங்காட்சியகம். முதலில் கண்ணில் பட்டது ஒரு சிறிய கைக்கண்ணாடி. பக்கத்தில், கேரளத்தில் தெய்வ வேடமிட்டு ஆடும் தெய்யத்தின் சிவப்புக் கிரீடம். குனிந்தால் என் முகம் அந்தக் கண்ணாடியில் தெரியும். நான் குனியவில்லை.

என் சின்ன வயதில் அப்பாவுக்குக் கண்ணூரில் ரயில்வே வேலை. பக்கத்து வீட்டுக் கண்ணேட்டன் தெய்யம் கட்டுபவர். முகத்தில் சிவப்பெழுதி, கிரீடம் ஏற்றி, கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டால் அவர் தெய்வம். ஊரே வரிசையில் நின்று அவரிடம் தன் குறைகளை முறையிடும். தெய்யம் ஆடும் காவு முழுக்கத் தேங்காயெண்ணெய்ப் பந்தம் கருகும் வாசனை.

ஒரு வருடம் அவர் மனைவி ஜானு ஏச்சியும் வரிசையில் நின்றார்; ஏச்சி என்றால் அங்கே அக்கா. பம்பாய்க்கு வேலை தேடிப் போன மகனிடமிருந்து சேதியே இல்லை.

“என்டெ மோன் வருமோ?”

தெய்யம் அவர் உள்ளங்கையில் மஞ்சள்பொடியை வைத்தது. “வரும். விஷுவினு மும்பே வரும்.” அது கண்ணேட்டனின் குரலாகவே இல்லை.

மறுநாள் கண்ணேட்டன் வேலியோரம் பல் துலக்கிக்கொண்டிருந்தார். காதோரம் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

“சத்யம் பறயு. மோன் வருமோ?” என்றார் ஏச்சி.

“எனிக்கறியில்லா. தெய்யமல்லே பறஞ்ஞது?”

தனக்குத் தெரியாது, சொன்னது தெய்யம்தானே என்கிறார். அப்படியானால் நீங்களும் வரிசையில் நின்று கேளுங்கள் என்றார் ஏச்சி. கண்ணேட்டன் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போனார்.

சித்திரை பிறந்து விஷு வந்து போனது. மகன் வரவில்லை.

அடுத்த ஆண்டு, வரிசையில் முதல் ஆளாக ஜானு ஏச்சி நின்றார்.