மேற்கே வாய் வைத்த ஷெட்

சென்ற ஆண்டு ஆடி மாதம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. இன்றைக்கும் எங்காவது ஒரு தகரம் காற்றில் படபடத்தால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது வண்டிப்பெரியாரில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். திருமணமாகி இந்தப் பக்கம் வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். ஒரே மகள். விவசாய டிப்ளமோ முடித்துவிட்டு, வேறு வேலைக்குப் போகாமல் டிராக்டர் வாங்கிச் சுற்றுவட்டார வயல்களுக்கெல்லாம் உழவு ஓட்டுகிறாள். பெருமைதான். ஆனால் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அதற்கு முந்தைய வருடம் தோப்புக்குள் வண்டியை நிறுத்திச் சக்கரம் கழற்றும்போது, ஜாக்கி நழுவி அவள் விரல் நசுங்கியது. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். காற்றுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு அவளே நடந்து வந்து வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. விரல் பிழைத்துக்கொண்டது. நான்தான் தேறவில்லை. இனி இவள் எந்த வேலை செய்தாலும் என் கண் முன்னால்தான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

டிராக்டர், டிரெய்லர், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர், கலப்பை எல்லாவற்றையும் நிறுத்த ஒரு ஷெட் போடலாம் என்று பேச்சு வந்தபோது, பேனாவும் ஸ்கேலும் எடுத்து நானே படம் போட்டேன். கணிதம் படித்தவள் என்ற நினைப்பு. வீட்டுக்குக் கிழக்கே களம், களத்தைத் தாண்டி ஷெட். மூன்று பக்கமும் தகரம் அடைத்து, வாய் மட்டும் மேற்கே, வீட்டைப் பார்த்து. சமையலறை ஜன்னலில் நின்றால் உள்ளே கடைசி மூலைவரை தெரிய வேண்டும்.

வெல்டிங் பட்டறைக்காரர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். படத்தை வாங்கிப் பார்த்தார். தாளை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க்கா, நான் இதைத் தலைகீழாப் புடிச்சிருக்கறனாட்ட இருக்குதுங்க?"

"சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க."

"மேக்கால வாய் வெச்சா ஆடிக் காத்து நேரா உள்ள பூந்துருமுங்க. போறதுக்கு வழியில்லீன்னா கூரையத்தான் தூக்கும். நம்ம பக்கம் மாட்டுக் கொட்டாய் கூட மேக்கால முதுகக் காட்டித்தானுங்க நிக்கும்."

கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் இருபத்தாறு வருடம் துணி உலர்த்தியிருக்கிறேன். கொட்டகைகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. "எங்க ஊர்ல அடிக்காத மழையா, காத்தா? படத்துல உள்ளபடி போடுங்க" என்றேன்.

மகளும் சொல்லிப் பார்த்தாள். "ஏனுங்ம்மா, வண்டி நிறுத்தறக்கு ஷெட்டு போடறீங்களா, என்னைய வேவு பாக்கறக்கா?"

"ரெண்டுக்குந்தான்" என்றேன்.

பட்டறைக்காரர் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் வேலை முடியும் நாளில் பார்த்தால், பின்சுவரில் கூரைக்குக் கீழே இரண்டடிக்குத் தகரம் இல்லாமல் விட்டிருந்தார். காற்று வெளியே போக ஒரு சந்து வேண்டும் என்றார். சாரல் அடிக்கும், அணில் கூடு கட்டும், எனக்கு இடைவெளி இல்லாமல் அடைத்துத் தர வேண்டும் என்றேன். அவர் ஏணியில் ஏறினார். சாயங்காலத்துக்குள் மேலிருந்து கீழ்வரை நாலு முழுத் தகரங்களாக மாற்றி அடைத்துவிட்டார்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். மதியம் மூன்று மணி. மகள் ரொட்டவேட்டரைக் கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, அடியில் படுத்துத் தேய்ந்த கத்திகளை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் நின்று வெங்காயம் உரித்தபடி, வெளியே நீட்டியிருந்த அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஆசைப்பட்டதும் அதுதானே.

காலையிலிருந்தே காற்று இருந்தது. திடீரென்று அது வேகமெடுத்தது. களத்தில் கிடந்த தேங்காய் மட்டைகள் உருண்டு உருண்டு ஷெட்டுக்குள் போயின. அடுத்த நொடி, கூரை முழுவதும் ஒன்றாக மேலே எழும்பியது. முன்பக்கத் தூண் ஒன்று அடியிலிருந்த கான்கிரீட்டோடு மண்ணைவிட்டு ஒரு சாண் மேலே வந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

ஓடினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அந்தக் கூரை சாய்ந்தால், இரும்புச் சட்டம் மொத்தமும் ரொட்டவேட்டர் மேல்தான் விழும். அதற்கு அடியில் அவள். களத்தில் பாதி தூரம் போவதற்குள் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். பின்சுவரின் தகரங்கள் நாலும் மேல்பக்கம் பிய்த்துக்கொண்டு, வெளிப்புறமாக மடங்கித் தோப்பைப் பார்த்துச் சாய்ந்தன. உள்ளே புகுந்திருந்த காற்று அந்த வழியாகப் பாய்ந்து போனது. எழும்பிய கூரை அப்படியே இறங்கி உட்கார்ந்தது.

முகமெல்லாம் கிரீஸும் புழுதியுமாக மகள் ஊர்ந்து வெளியே வந்தாள். "எனக்கொண்ணும் இல்லீங்ம்மா. கையை விடுங்க, நகம் குத்துது" என்றாள். நான் விடவில்லை.

பயம் கொஞ்சம் தெளிந்ததும் கோபம் வந்தது. பட்டறைக்காரரை போனில் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் வந்தார். அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் என் வாயில் மரியாதை நிற்கவில்லை.

"நாலு தகரத்த ஒழுங்கா அடிக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு பட்டறை வச்சிருக்க! எம்புள்ள உள்ள கெடந்தா, தெரியுமா?"

அவர் மகளிடம், "கண்ணு, அடி கிடி படலியே?" என்று கேட்டுவிட்டு ஷெட்டின் பின்பக்கம் போனார். நானும் விடாமல் பின்னாலேயே போனேன். அவர் குனிந்து தகரத்தின் கீழ்விளிம்பைக் காட்டினார். போல்ட்டுகள் ஒன்றுகூட அசையவில்லை. மேல்விளிம்பில் போல்ட் போட்ட ஓட்டையே இல்லை. அறுந்துபோன கட்டுக் கம்பி மட்டும் தொங்கியது.

"அடைக்கச் சொன்னீங்க, அடைச்சேனுங்க்கா. மேல மட்டும் கம்பியில கட்டி வெச்சேன். கூரை போறதுக்கு முன்னால இது போயிரோணும்னு. பாப்பா உள்ள படுத்து வேலை செய்யுமில்லீங்களா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லீருந்தா அங்கயும் போல்ட்டு போடச் சொல்லீருப்பீங்க."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் அவளும் பயந்திருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது. நான் யாரையும் பார்க்க முடியாமல் அந்தக் கம்பித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் அவரே வந்து தூண்களுக்கு ஆழக் குழி எடுத்து, மேற்கே தகரம் அடைத்து, வாயைக் கிழக்கே திருப்பிக் கொடுத்தார். பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "டீ இருந்தா குடுங்க்கா" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இப்போது ஜன்னலில் நின்றால் ஷெட்டின் முதுகுதான் தெரிகிறது. உள்ளே ஸ்பேனர் இரும்பில் படும் சத்தம் மட்டும் கேட்கும். அது நின்றால் என் கையும் நிற்கும். மறுபடி கேட்டதும் வேலையைத் தொடர்வேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பியிருந்தேன். நான் அப்படிப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த மதியத்தில் அவளைக் காப்பாற்றியது, நான் ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காத ஒரு மனிதர், யாரிடமும் சொல்லாமல் முறுக்கி வைத்துவிட்டுப் போன கொஞ்சம் கட்டுக் கம்பி.