டேப்பு சார் வரைந்த படம்

நகராட்சி அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லாமல் போய்ப் பல வருஷமாகிறது. 'டேப்பு சார்' என்றால்தான் தெரியும். நடைபாதையில் மணல் குவிக்க, சாரம் கட்ட, கடை வாசலில் நாற்காலி போட அனுமதி கொடுப்பது அவர் பிரிவு. எத்தனை அடி, எத்தனை நாள் என்று எழுதித் தருவார். நாள் முடிந்த மறுநாள் காலை அளக்கும் டேப்போடு போய் நிற்பார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்ல, சட்டம் அப்படி" என்று வீட்டில் சொல்லிப் பார்ப்பார். மனைவி நம்பியதில்லை. அவரும் முழுதாக நம்பியதில்லை.

போன மாதம் அவர் வீட்டு முகப்புக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. சாரம் நடைபாதையில்தான் நிற்கும். வேறு யாராக இருந்தாலும் கட்டிவிட்டு, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்கள். இவர் தன் அலுவலகத்துக்கே விண்ணப்பம் போட்டார். ஊருக்கு உதாரணமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. திமிர் என்றும் சொல்லலாம். பிற்பாடு அவரே அப்படித்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படம் வரைந்தார். நகராட்சி நிலத்தின் எல்லையைச் சிவப்பு மையில் இழுத்தார். சுவர், வாசல், படி எல்லாம் அங்குலம் பிசகாமல் வந்தன.

சொந்த விண்ணப்பத்தைத் தானே பார்வையிடக் கூடாது. அதனால் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பெண் வந்தாள். படத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"சாரத்துல பிரச்சினை இல்ல சார். உங்க மூணு படியும் சிவப்புக் கோட்டுக்கு வெளிய இருக்கு."

"இருக்காதும்மா."

"நீங்கதான் சார் வரைஞ்சிருக்கீங்க."

அவள் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக ஏறி இறங்கிய சிமெண்டுப் படிகள், இரண்டரை அடி, நடைபாதையில். அளவு சரியாக வந்த சந்தோஷத்தில் அது எதன் அளவு என்று மண்டையில் ஏறவேயில்லை. குற்றத்தைப் படம் போட்டு, கீழே கையெழுத்தும் வைத்த முதல் ஆள் நான்தான் என்று நொந்துகொண்டார். படியை இடித்தால் வாசல் மூன்றடி உயரத்தில் நிற்கும். மனைவிக்கோ மூட்டுத் தேய்மானம். வெளியே இறங்கவே முடியாது.

"வேற படம் போட்டுக் குடுங்க சார். நான் இதைப் பாக்கல," என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

ஆசையாகத்தான் இருந்தது. படத்தைத் திரும்ப வாங்கக் கையும் பாதி நீண்டுவிட்டது.

"உள்ளபடி எழுதிக்கோம்மா," என்றார்.

அவள் போனதும், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மனைவியிடம் திரும்பினார்.

"கவலப்படாத. சிமெண்டுக்குத்தான் அனுமதி கிடையாது. நகர்த்துற மாதிரி மரப்படி வெச்சா தற்காலிக அனுமதி உண்டு. வருஷா வருஷம் புதுப்பிச்சா போதும்."

"போன வாரம் அந்தத் தையல்காரரோட பலகைய எடுக்க வெச்சீங்களே, அவங்க அம்மா கடைக்குள்ள ஏற முடியலன்னு போட்டிருந்தாரே. அதுவும் நகர்த்துறதுதானே?"

"ஆமா."

"அவர்கிட்ட ஏன் இதைச் சொல்லல?"

'அவரு என்கிட்ட கேக்கல' என்று சொல்ல வாயெடுத்தார். சொல்ல வெட்கமாக இருந்தது. வெற்று விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

அவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்த தையல்காரர், கடை வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவை எழுப்பி நிற்க வைத்துவிட்டு, நாற்காலியை அவசர அவசரமாக உள்ளே இழுத்தார்.