ஜேர்மன்காரர் கோயிலின் சரித்திரத்தில் நான் சேர்த்த பொய்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மெல்பேணுக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு டண்டினொங்கில் தொழிற்சாலை வேலை. வாடகை குறைவென்று, அங்கிருந்து மேட்டுப் பக்கமாக ஒரு பண்ணையின் ஓரத்து வீட்டில் என்னை இருத்தினார். சுற்றிவர மாடும் புல்லும்தான். நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது கருங்கல்லில் கட்டிய ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில் மட்டும்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், வேதக்காரர். ஊர்க் கோயிலில் உட்காரும் முதல் வாங்கு எங்கள் குடும்பத்துக்கு. அந்த எண்ணத்தில் இங்கேயும் போன முதல் ஞாயிறே முதல் வாங்கில் போய் இருந்துவிட்டேன். அது கோயில் கட்டிய நாளிலிருந்து ஒரு ஜேர்மன் குடும்பம் இருந்துவந்த வாங்காம். எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருந்தவர் கல்யாணம் செய்யாத ஒரு கிழவி அம்மா. அவர் தள்ளி இருந்து இடம் விட்டார். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதம்.

கோயிலுக்கு நூறு வருஷம் நிறையப் போகிறதென்று அதன் சரித்திரத்தை அவர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு இங்கிலீசு எழுத்து வாசிக்கத் தெரியாது. படித்ததெல்லாம் தமிழில்தான். ஆனால் அவர் மெதுவாக, ஆறுதலாகச் சொன்னால் விளங்கும். ஜேர்மனியில் அரசன் செபப் புத்தகத்தை மாற்றச் சொன்னதால் அவருடைய பூட்டனார் ஆட்களோடு கப்பலேறினாராம். திருவிருந்துப் பாத்திரத்தை இறகு மெத்தைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார்களாம். முதலில் மண்சுவரில் ஒரு கொட்டில், பிறகுதான் கல்லுக் கோயில்.

கட்டி முடித்த கொஞ்ச வருஷத்தில் சண்டை வந்துவிட்டது. எதற்கென்று இப்போது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பாதிப் பேர் மற்றவர்கள் வாய் வைத்த பாத்திரத்தில் குடிக்க மாட்டோமென்று போய், அடுத்த புல்வெளியில் தங்களுக்கென்று ஒரு கோயிலைக் கட்டினார்கள். கூடப்பிறந்தவர்கள்கூட ஒருவர் செத்த வீட்டுக்கு மற்றவர் போகவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒன்றுசேர்ந்த பிறகும் சில கிழவர்கள் பாத்திரத்தைத் தங்கள் சட்டைப்பை லேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் குடித்தார்களாம். அந்த இரண்டாவது கோயிலில் இப்போது வைக்கோல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லும்போது அவருடைய கழுத்து சிவந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் நடந்ததை எழுதத்தான் வேண்டும் என்றார்.

நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். அதே நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை இனிச் சொல்கிறேன். தமிழில் எழுதுவதால் அந்த மேட்டில் உள்ளவர்கள் இதை வாசிக்கப் போவதில்லை. அந்தத் துணிச்சல்தான்.

கிழவி அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரைப் பார்த்த நேர்ஸ் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. லண்டனில் படித்துவிட்டு வந்தவள். சுகமாகி வந்ததும் கிழவி அம்மா அவளைத் தன் காரில் கோயிலுக்குக் கூட்டிவந்தார். தமிழ்ச் சத்தம் கேட்டு எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டேன்: ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயில், தகப்பன் என்ன வேலை. மூன்றாவது பதிலோடு கையை விட்டேன். எங்கள் கிணற்றில் நாங்கள் அள்ள விடாத ஆட்களின் பிள்ளை அவள். அந்த ஆட்கள் எங்கள் வளவுக்குள் வந்தால் தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்.

அங்கே மாதத்துக்கு ஒரு தடவை திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழந்தாளிடுவோம். போதகர் ஒரே பாத்திரத்தை ஒவ்வொரு வாயாகக் கொடுத்துக்கொண்டு வருவார். அவளுக்கு முன்னால் குடித்துவிட வேண்டுமென்று நான் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முந்திப் போவேன். ஒரு மாதம் கால் வலியால் பிந்திவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட வேண்டியதாயிற்று. அவள் குடித்த பாத்திரம் என்னிடம் வந்தபோது உதட்டை இறுக மூடிக்கொண்டு குடித்ததுபோல் காட்டினேன். போதகருக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

வெளியில் வந்ததும் அவள் என்னருகில் வந்தாள்.

"அன்ரி, நீங்கள் ஓடி ஓடி முன்னுக்குப் போக வேண்டாம். கால் நோகும். நான் இனி எல்லாருக்கும் பிறகு வாறன்."

"ஓம் பிள்ளை. அது நல்லது," என்றேன்.

இந்த வயதிலும் என்னைக் கொல்வது அந்த "நல்லது" என்ற சொல்தான்.

அதன் பிறகு அவள் கடைசியில் தனியே முழந்தாளிட்டாள். ஜேர்மன்காரர் அதைக் கவனித்தார்கள். கிழவி அம்மா என்னைத் தன் வீட்டுக் குசினிக்குக் கூப்பிட்டு, அடுப்படியில் இருத்தி, பிள்ளையின் மனதை யாராவது நோகடித்தார்களா, உண்மையைச் சொல் என்று கேட்டார். இந்தக் கோயிலில் அப்படி ஒன்று இரண்டாம் முறை நடக்கக்கூடாது என்றார். பயந்துபோயிருந்தார். நான் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னேன்: அது எங்கள் தமிழருடைய வழமை, வயதுக்கு மூத்தவர்கள் குடித்த பிறகுதான் இளையவர்கள் குடிப்பார்கள், மரியாதைக்கு.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே பென்சிலை எடுத்து எழுதினார்.

நூறாவது வருஷக் கொண்டாட்டத்தன்று புத்தகம் வந்தது. எல்லாருக்கும் ஒவ்வொன்று. எங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறதென்று கிழவி அம்மா தானே பக்கத்தைத் திருப்பி, எனக்கு வாசித்துக் காட்டும்படி நேர்ஸ் பிள்ளையிடம் கொடுத்தார். கேக் வைத்த மேசைக்குப் பக்கத்தில் நின்று அவள் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். முதலில் லேஞ்சியால் துடைத்தவர்களின் கதை. அதற்குக் கீழே, தூரதேசத்திலிருந்து வந்த இரண்டு சகோதரிகள் இதே பாத்திரத்தில் எவ்வளவு பணிவோடு குடிக்கிறார்கள், இளையவள் மூத்தவளுக்காக எப்படிக் காத்திருக்கிறாள், நாம் அவர்களிடம் படிக்க வேண்டும் என்று.

புத்தகத்தை மூடினாள்.

"உந்த வழமையை ஆர் சொல்லிக்குடுத்தது, அன்ரி?"

"நான்தான்."

"வடிவாய்ச் சொல்லியிருக்கிறியள்," என்றாள். "உங்கட பிள்ளையளுக்கும் பழக்கிவிடுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு ஒரு துண்டு கேக்கும் எடுத்துத் தந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கோயிலுக்கு வரவில்லை.

அடுத்த கிழமை நான் கிழவி அம்மாவின் வீட்டுக்கு நடந்து போனேன். புத்தகத்தில் அந்தப் பக்கம் பொய் என்று சொல்வதற்கு இங்கிலீசில் நாலு வசனம் பள்ளிக்கூடம் போகும் என் மகனிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை. குசினி மேசை முழுக்கத் தபால் உறைகள். பூட்டனார் விட்டுவந்த ஜேர்மன் கிராமத்துக்குப் புத்தகம் அனுப்புகிறாராம். நேர்ஸ் பிள்ளைக்கு இனி ஞாயிற்றுக்கிழமைகளில் டியூட்டியாம், பாவம் என்றார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, இந்த முத்திரைகளைக் கொஞ்சம் ஒட்டித் தருகிறாயா என்று கேட்டார்.

ஒவ்வொன்றாக நனைத்து ஒட்டினேன். தபால் பெட்டிவரை நானே கொண்டுபோய்ப் போட்டும் விட்டேன்.