ஆவடியிலிருந்து ஒன்று, புதுச்சேரியிலிருந்து ஒன்று

1. ஒரே சனிக்கிழமை

அந்த போன் வந்தபோது நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். புதுச்சேரியிலிருந்து ஆவடிக்கு சனிக்கிழமை காலை ஒன் வே டிராப், சீடான் வண்டி, மூன்று பேர். எங்கள் கால் டாக்ஸி புக்கிங் டெஸ்க்கில் இதைவிடச் சாதாரணமான ட்ரிப் கிடையாது. இடது கையால் எழுதிக்கொண்டே வலது கையால் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். இறங்கும் இடத்தைச் சொன்னார்கள். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், சுப்பையா வீடு.

இரண்டு கையும் நின்றுவிட்டன.

முந்தைய நாள்தான் அந்தச் சுப்பையா எங்களிடம் வண்டி சொல்லியிருந்தார். அதே சனிக்கிழமை காலை, அதே வீட்டிலிருந்து, புதுச்சேரிக்கு ஒன் வே டிராப். அவர் கொடுத்த இறங்கும் இடம், இப்போது என்னோடு பேசிக்கொண்டிருக்கும் தேசிங்கின் வீடு.

இருவரும் சம்பந்திகள் ஆகவேண்டியவர்கள். சுப்பையா திருநெல்வேலிக்காரர், ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. மகள் மலர்விழி அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். தேசிங்கு புதுச்சேரியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் இளங்கோதான் மாப்பிள்ளை. பெண் பார்க்க அவர்கள் வந்தபோதும் வண்டி எங்களுடையதுதான், சுப்பையாதான் எங்கள் நம்பரைக் கொடுத்திருந்தார். எல்லாம் நன்றாகப் போய், கல்யாணத்தை எந்த ஊரில் வைப்பது என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஆவடியில்தான் என்று இவர், புதுச்சேரியில்தான் என்று அவர். ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த விவரமெல்லாம் வண்டி புக் செய்யும்போதே இருவரும் சொன்னார்கள். டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மனிதர்கள் ஏனோ எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.

சுப்பையா சொன்னது இது. "நானே நேர்ல போயி, கல்யாணத்த ஒங்க ஊர்லயே வச்சிக்கிடுங்கன்னு சொல்லப் போறேம்மா. அவுகளுக்குத் தெரிஞ்சிரக் கூடாது. தெரிஞ்சா வரவேண்டாம்னுருவாவ. இதுவும் சரிப்படலன்னா வேற எடம்தான் பாக்கணும்."

"ஒரு போன் போட்டுக்கிட்டுப் போகலாமே சார்?"

"போன் போட்டாத்தான சண்ட வருது."

"திரும்பி வர வண்டி வேணாமா?"

"பேசி முடிஞ்சா அவுகளே பஸ் ஏத்தி விடுவாவ. முடியலன்னா நான் நடந்துகூட வந்திருவேன்."

மறுநாள் தேசிங்கு சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். "கல்யாணம் ஆவடிலயே நடக்கட்டும்னு சொல்லிடலாம்னு போறேம்மா. சொல்லிடாதீங்க. போன்ல அவர் குரலக் கேட்டாலே எனக்கும் குரல் ஏறிடுது. பசங்களுக்குக்கூடச் சொல்லல, சொன்னா அடுத்த நிமிஷம் அங்க போயிடும். என் பையன் கோயிலுக்குப் போறோம்னு நெனச்சிட்டிருக்கான். இதுதான் கடைசி முயற்சி."

அதாவது சனிக்கிழமை மதியம் இரண்டு குடும்பங்களும் பழத்தட்டோடு ஆளுக்கொரு பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கும். மலர்விழிக்கு அன்று ஆபீஸ். நாம் வருவது தெரிந்துதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று இரு பக்கமும் நினைக்கும். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தம் எந்த ஊரிலும் நடக்காது.

2. முதலாளியின் விதி

எங்கள் ஆபீஸ் மண்ணூர்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முதலாளி தனபால் டிரைவராக இருந்து முதலாளி ஆனவர். அவரிடம் ஒரே ஒரு விதிதான் உண்டு. அதை நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

"சந்திராம்மா, ஒரு கஸ்டமரு எங்க போறான்றத இன்னொரு கஸ்டமரு காதுல போடக்கூடாது. பொண்டாட்டி கேட்டாலும் சரி, போலீசு இல்லாத வேற எவன் கேட்டாலும் சரி. போட்டேன்னா மறுநாளு இந்தாண்ட வராத."

இந்த விதி நியாயமானது, இன்றும் எல்லோருக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அன்று அவரிடம் போய் இரண்டு ட்ரிப்பையும் சொன்னேன்.  அவர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கீழே லேத் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"இன்னாம்மா இது, ரெண்டு பேரும் உட்டுக்குடுக்க ஓடறாங்களா? ஆளுக்கு ஒரு ஊட்டாண்ட பூட்டப் பாத்துகினு நிக்கப் போறாங்களா?"

"சொல்லிடட்டுமா சார்?"

சிரிப்பு நின்றது. "அதெல்லாம் வாணாம். விதி விதிதான்."

கஸ்டமர் காதில் போடக்கூடாது என்றால் போடக்கூடாது. ஆனால் டிரைவர் காதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. வண்டி எங்கே போக வேண்டும் என்பதைக் கஸ்டமர் சொல்வார். டிபனுக்கு எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்வது டிரைவர்தான். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு வழக்கமான ஹோட்டல் உண்டு. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவருக்குச் சாப்பாடு இலவசம். எங்கள் டிரைவர்கள் எல்லோரும் அச்சிறுபாக்கம் தாண்டி ஒரே பெயருள்ள ஹோட்டலில்தான் நிறுத்துவார்கள். போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாமே அங்கேதான்.

ஆவடி வண்டிக்கு பாபு, புதுச்சேரி வண்டிக்கு செல்வம். இருவரையும் கூப்பிட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் அந்த ஹோட்டலில் டிபனுக்கு நிற்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது, எதையும் உளறக் கூடாது, நிறுத்தினால் போதும். மீதியை அவர்கள் கண்ணே பார்த்துக்கொள்ளும்.

"அவ்ளோதானா? நீ கவலயே படாத அக்கா. ஜமாய்ச்சிடலாம்" என்றான் பாபு.

3. பெல்ட் போட்ட பழத்தட்டு

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்கு முன் இரண்டு வண்டியும் கிளம்பிவிட வேண்டும். செல்வம் புதுச்சேரியிலிருந்து கிளம்பிவிட்டதாக போன் செய்தான். பாபுவும் செய்தான்.

"அக்கா, வண்டி குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளிய வந்துச்சு."

"நல்லது. நேரா போ."

"போலாம். ஆளுங்க உள்ள கீறாங்க."

"வண்டி உள்ளயா?"

"ஊட்டு உள்ள. வண்டில பழத்தட்டு மட்டும்தான் கீது. பின் சீட்ல பெல்ட்டு போட்டு உக்கார வச்சிருக்காரு."

சுப்பையாவின் மனைவி செல்லம்மாளுக்கு இன்னும் தலை வாரி முடியவில்லையாம். ராகுகாலம் தொடங்கிவிடும் என்று அவசரத்தில் தட்டை மட்டும் வண்டியில் ஏற்றி, வண்டியைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார் சுப்பையா. நல்ல நேரத்தில் பொருள் வாசலைத் தாண்டிவிட்டால் ஆளும் கிளம்பிய கணக்கு. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியை முன்கூட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டு வைப்பார்களே, அதே ஏற்பாடு. ஆள் நிதானமாக வரலாம். வந்தார்கள், மிகவும் நிதானமாக.

நான் செல்வத்துக்கு போன் போட்டேன். "மெதுவா வா."

"என்னக்கா, எப்பவும் எங்க இருக்க எங்க இருக்கன்னு கேட்டு உயிர எடுப்பீங்க. இப்ப மெதுவா வரச் சொல்றீங்க. ஒடம்பு சரியில்லயா?"

மெதுவாக வந்தும் அவன்தான் முதலில் சேர்ந்தான். அவனுடைய மூவரும் டிபனை முடித்துவிட்டார்கள். டிரைவர் சாப்பிட்டு முடிக்காமல் வண்டி கிளம்பாது என்பது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை.

"மூணாவது தடவ சாம்பார் கேட்டாச்சுக்கா. சப்ளையர் மொறைக்கிறான். இதுக்கு மேல இட்லியில எடமில்ல."

"இன்னொரு காபி சொல்லு. பாபு வந்துட்டான்."

பாபு உண்மையிலேயே வந்துவிட்டிருந்தான். முதலாளி நாற்காலியை என் டெஸ்க்குக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

4. நடுவில் ஒரு ரோடு

"அக்கா, ஒரு சின்ன மேட்டரு."

"சொல்லு பாபு."

"நானு ஹோட்டல்லதான் கீறேன். செல்வமும் ஹோட்டல்லதான் கீறான். ஆனா நானு இந்தாண்ட, அவன் அந்தாண்ட."

எத்தனையோ வருடங்களாக எங்கள் வண்டிகள் நிற்கும் அந்த ஹோட்டலை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அது ஒரு ஹோட்டல் இல்லை, இரண்டு. ஒரே பெயர், ஒரே முதலாளி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் நான்கு வழிச் சாலையும் அரளிச்செடி வளர்ந்த மீடியனும். சுப்பையாவும் தேசிங்கும் ஒரே நேரத்தில் ஒரே காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

முதலாளி போனைப் பிடுங்கினார். "டேய், முன்னால போயி யூ டர்ன் அடிச்சி அந்தாண்ட போடா."

"கேட்டுப் பாத்துட்டேன் மொதலாளி. அந்தாண்ட காபி நல்லா இருக்கும் சார்னேன். நல்ல காரியத்துக்குக் கெளம்புன வண்டி பாதில திரும்பக் கூடாதாம். சத்தம் போடறாரு."

செல்வத்தை லைனில் சேர்த்தேன். "எங்க சாரும் அதேதான் சொல்றாரு. வண்டி மூக்கு திரும்பக் கூடாதாம். பில் குடுத்துட்டாங்கக்கா. வண்டில ஏறி உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளயோட அம்மா மட்டும் கை கழுவப் போயிருக்காங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சொல்லிவிடலாமா என்று நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவர் தலையைப் பாதி ஆட்டிவிட்டார். விதியை மீறுவதற்கு அவ்வளவு அருகில் நாங்கள் போனது அன்று மட்டும்தான்.

அப்போது ஸ்பீக்கரில் தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "என்னப்பா இது, கொழாயில சொட்டுத் தண்ணி வரல? கையெல்லாம் சட்னி."

செல்லம்மாள். பாபுவுக்கு அன்று எந்தச் சாமி துணையிருந்ததோ தெரியாது.

"அந்தாண்ட தண்ணி வரும்மா. இப்டிக்கா சப்வே கீது, நடந்தா ரெண்டு நிமிசம்."

சுப்பையாவின் குரல் பாய்ந்து வந்தது. "திரும்பப் பிடாதுன்னு சொல்லியிருக்கம்லா?"

"ரோட்ட குறுக்கால தாண்டறதுக்குப் பேரு திரும்பறதா?" என்றார் செல்லம்மாள். "வண்டி நிக்க எடத்துல நிக்கட்டும். சட்னிக் கையோட நான் சம்பந்தி வீட்டுக்கு வரமாட்டேன்."

பாபு போனைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் நடந்தான். சப்வேக்குள் சிக்னல் போய்விட்டது. முதலாளி ஸ்பீக்கரைக் காதில் வைத்துப் பார்த்தார், பிறகு மேஜையைத் தட்டிப் பார்த்தார். சத்தம் திரும்பி வந்தது.

"அக்கா, ரெண்டு அம்மாவும் கை கழுவறாங்க. பக்கத்து பக்கத்துக் கொயா. இவங்க ஒதறுன தண்ணி அவங்க பொடவ மேல தெறிக்குது. அவங்க திரும்பறாங்க. பாத்துட்டாங்க."



"டேய், இன்னாடா ஆச்சு?" என்றார் முதலாளி.

"பேச்சே இல்ல மொதலாளி. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிகினு சிரிக்கறாங்க. நிக்க முடியாம சிரிக்கறாங்க."

நாங்களும்தான். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். பிறகு நடந்ததை பாபு சொல்லச் சொல்லத்தான் தெரிந்துகொண்டேன். செல்லம்மாள் போன் போட்டு சுப்பையாவைச் சப்வே வழியாக வரவழைத்தார். தேசிங்கு வண்டியிலிருந்து இறங்கினார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இளங்கோ கண்விழித்து மாமனாரைப் பார்த்து, கோயில் வந்துவிட்டதா என்று கேட்டானாம்.

திடீரென்று ஸ்பீக்கர் அதிர்ந்தது.

"கல்யாணம் ஒங்க ஊர்லதான் சம்பந்தி. நான் முடிவு பண்ணியாச்சு."

"நீங்க எப்படிங்க முடிவு பண்றது? ஆவடிலதான் நடக்கும். நான் சொல்லத்தானே வந்தேன்."

"நாந்தான் மொதல்ல கெளம்பினேன்."

"அதெப்படி? நாங்க எட்டரைக்கே வண்டி ஏறிட்டோம்."

"மறுபடியும் சண்டையா?" என்றார் முதலாளி கவலையோடு.

"சண்டதான் மொதலாளி. ஆனா எனுக்கு ஒண்ணும் புரில. ரெண்டு பேரும் நான்தான் தோப்பேன்னு சண்ட போடறாங்க."

5. டிராப்

அதற்கு முடிவு கட்டியவர்கள் இரண்டு அம்மாக்கள். அப்பாக்கள் இருவரும் ஒரு வண்டியில் போய்ச் சண்டையை முடித்துக்கொள்ளட்டும், தாங்கள் இன்னொரு வண்டியில் கல்யாணத்தைப் பேசி முடிக்கிறோம் என்றார்கள். கிளம்பிய வண்டிகளும் பாதியில் திரும்ப வேண்டாம். சுப்பையா புதுச்சேரிக்குப் புறப்பட்டவர், அதனால் அவர் புதுச்சேரி போகட்டும். வந்தவரை வரவேற்க வீட்டுக்காரர் வேண்டுமே, தேசிங்கு அவரோடு ஏறிக்கொள்ளட்டும். அதேபோல் மாப்பிள்ளையின் அம்மா ஆவடிக்குப் புறப்பட்டவர், போகட்டும். வீட்டைத் திறந்து ஆரத்தி எடுக்கச் செல்லம்மாள் அவரோடு போகட்டும்.

"மாப்பிள்ள எந்த வண்டில?" என்று நான் கேட்டேன்.

"யாரும் கேக்கல அக்கா. அவரே ஆவடி வண்டில மொதல்ல ஏறி உக்காந்துகினாரு. போன்ல யார்கிட்டயோ ஆபீசுக்கு பர்மிஷன் போடுன்னு சொல்லிகினுகீறாரு."

பழத்தட்டுகள் இரண்டும் அந்தந்த வண்டியிலேயே போயின. மதியத்துக்குள் அம்மாக்கள் ஆவடியில் கல்யாணம், புதுச்சேரியில் ரிசப்ஷன் என்று முடித்து, போனில் தகவல் சொன்னார்கள். இரண்டு அப்பாக்களும் அதைத்தான் தாங்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்னதாகச் சொன்னார்களாம்.

செல்வம் ஆவடியிலிருந்தும் பாபு புதுச்சேரியிலிருந்தும் டிராப் முடிந்ததாகச் சொன்னபோது இரண்டு ட்ரிப்பையும் எடுத்துப் பார்த்தேன். ஏறிய இடம், இறங்கிய இடம் எல்லாம் புக்கிங்கில் இருந்தபடியே. ஒரு எழுத்துகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. இறங்கிய ஆட்களில் வண்டிக்கு ஒருவர்தான் வேறு ஆள். அதை எழுத ட்ரிப் ஷீட்டில் கட்டம் இல்லை.

டெஸ்க்கில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கஸ்டமர் எங்கே போகிறார் என்பது அவருடைய விஷயம், அதைக் கட்டிக் காத்துக்கொள்ளுங்கள். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று டிரைவருக்குத் தாராளமாகச் சொல்லுங்கள், அதில் நம் புத்திக்கு இடமிருக்கிறது. ஆனால் சொல்வதற்கு முன்பு, அந்த ஹோட்டல் ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நாளும் நமக்காகக் குழாயில் தண்ணீர் வராமல் போகாது.