அக்காவின் கண்ணுக்குக் காரணம்

அன்று மலாக்கா டாக்டரின் அறையில் அம்மா, அக்கா, நான் மூவரும் இருந்தோம். அப்பா வரவில்லை, ரப்பர் மரத்தில் பால்வெட்டை விட்டுவிட்டு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். டாக்டர் கேட்பதைத் தமிழில் சொல்வது என் வேலை.

மலாயாவில் கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் அது; அவர்களுக்கு உணவு கொடுத்தாலே சிறை. சில மாதங்களுக்கு முன், மெர்லிமாவ் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக்குக் காட்டிலிருந்து அந்தப் போராளிகள் இருவர் துப்பாக்கியோடு வந்து, வீட்டில் தனியாக இருந்த அக்காவிடம் அரிசி வாங்கிப் போனார்கள். அதன்பின் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் இளைத்தாள். கழுத்து வீங்கியது. கண்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. தூக்கத்திலும் முழுதாக மூடவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள், "என்னாடி, வரப்போற மாப்பிள்ளைய இப்பவே முறைக்கிறியா?" என்று சிரித்தார்கள்.

"பெரிய பயம், அதிர்ச்சி ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். நான் தமிழில் சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லன்னு சொல்லுப்பா. அரிசி குடுத்தது தெரிஞ்சா அப்பாவ உள்ள தூக்கிப் போட்ருவானுங்க லா."

இல்லை என்றேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது கழுத்து வீங்கியதுண்டா என்று அடுத்துக் கேட்டார்.

"சின்னம்மாவுக்கு இருந்துச்சேம்மா," என்றாள் அக்கா.

"வாய மூடு. அடுத்த மாசம் பொண்ணு பார்க்க வர்றாங்க. வம்சத்துலயே இருக்குன்னு நீயே தண்டோரா போடுறியா?"

அதற்கும் இல்லை என்றேன்.

கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியின் கோளாறு இது என்றார் டாக்டர். பயத்துக்குப் பின் வந்தவர்கள் உண்டு, தாய்வழி வந்தவர்களும் உண்டு, பெண்களுக்கே அதிகம். சரியான காரணம் டாக்டர்களான எங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்றார். காரணம் எதுவானாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், மூடாத கண் காய்ந்து புண்ணாகிவிடும் என்றார்.

"கழுத்தையா அறுக்கணும்? அந்தத் தழும்புக்கு மேல எவன் தாலி கட்டுவான்?" என்றாள் அம்மா. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்த்துட்டுப் போவட்டும். அப்புறம் பார்க்கலாம்."

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் காப்பியைத் தொடவில்லை. "பொண்ணு ஏன் இப்படி முழிக்குது?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

அதற்குள் அக்காவின் வலது கண் சிவந்து, கருவிழியில் வெள்ளை படர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆபரேஷனுக்குப் பின் கை நடுக்கம் நின்றது. வலது கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை.

கட்டிலில் படுத்தபடியே அக்கா கேட்டாள்: "எதனால வந்துச்சாம்டா?"

"தெரியலயாம்க்கா."

"டாக்டருக்குமா?"

அம்மா தன் வளையல்களை விற்றாள். பஸ், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து நூற்று அறுபத்திரண்டு வெள்ளி செலவானது.