சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிட்டு

கார்த்திகைக் குளிரில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "சிவீ, சிவீ" என்று ஊசி முனைபோல ஒரு சின்னக் குரல் வந்து காதைக் குத்தும். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த மல்லிகாவின் வீட்டுக் கொல்லைக்கு ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் வந்துசேரும் குருவி அது. இலையின் நிறத்திலேயே இருப்பதால் அசைந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கதிர்க்குருவி என்ற பெயரைப் பின்னாளில்தான் அறிந்தேன். அப்போது எங்களுக்கு அது "பச்சைச் சிட்டு".

என் வகுப்பிலேயே படித்த மல்லிகா, "எங்க சிட்டு வந்துடுச்சு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். தெருவிலேயே பெரிய தோட்டம் எங்களுடையது. அப்பா பூச்சிமருந்து அடித்துப் பார்த்துப் பார்த்து வளர்த்த ரோஜாவும் குரோட்டன்ஸும் வரிசையாக நிற்கும். அவள் வீட்டிலோ ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, கம்பளிப்பூச்சி மொய்க்கும் ஒரு முருங்கை, அவ்வளவுதான். "மருந்தடிக்க யாருக்கு நேரம் இருக்கு?" என்பார், விடிந்ததும் வேலைக்கு ஓடும் அவள் அம்மா. நான் எங்கள் பக்கம் அரிசியும் கம்பும் இறைத்துப் பார்த்தேன், புறாக்கள்தான் வந்தன.

ஒருநாள் சுவரில் ஏறி உட்கார்ந்து பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. சிட்டு கறிவேப்பிலையின் அடிப்பக்கம் தொங்கி, ஒரு பச்சைப் புழுவை இழுத்தெடுத்து விழுங்கியது. அன்று மாலையே அப்பாவிடம் மருந்தடிக்க வேண்டாம் என்றேன்.

"புழு வரணும்னு யாராவது தோட்டம் வெப்பாங்களாம்மா?" என்று சிரித்தார்.

அடுத்த மழையில், மல்லிகா வீட்டுக் கறிவேப்பிலையின் வேர் சுவருக்கடியில் புகுந்து எங்கள் பக்கம் ஒரு கன்றை விட்டிருந்தது. அப்பா பிடுங்கப் போனார். நான் அழுது, சாப்பிடாமல் கிடந்ததில், "சரி, அந்த மூலை உன்னுது, அங்க மட்டும் மருந்து அடிக்கல" என்று விட்டுவிட்டார். கன்று என் தோளுயரம் வளர்ந்த ஆண்டு, இலைகளெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் போயின. கார்த்திகையில் சிட்டு சுவரைத் தாண்டி வந்தது.

மல்லிகாவின் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் அவளைக் கூப்பிட்டேன். சுவரேறிய அவள், "சும்னே இரு, பயந்துடும்" என்று கன்னடம் கலந்து என்னை அடக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "உங்க பக்கமும் வருதா? பரவால்ல, இனிமே அதுக்கு வயிறு நிறையும்" என்றாள். முகம் வாடவே இல்லை. குருவி என் தோட்டத்தில் இருந்தும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அந்த இரண்டு வீடுகளும் இல்லை. இரண்டு மனைகளையும் சேர்த்து வாங்கி யாரோ பி.ஜி. விடுதி கட்டிவிட்டார்கள், கீழே முழுக்க பார்க்கிங். வைட்ஃபீல்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன் நான். மல்லிகா ஓசூர்ப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது, கொல்லையில் நட்டிருந்த நாரத்தையையும் அகத்தியையும் காட்டி, "நீயும் ஒண்ணு வையேன்டி" என்றாள். ஒன்பதாவது மாடியில் எங்கே வைப்பது? அவளுக்கு இன்னும் மண் இருக்கிறது என்ற நினைப்பு, திரும்பி வரும் வழியெல்லாம் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டே வந்தது.