தறி வீட்டுப் பிள்ளைக்கு வைத்த தேர்வு

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் பெற்றோர் கூட்டம் போட்டோம். எங்களுடையது இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை நான். குமாரபாளையத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது. காலையில் பிரார்த்தனைக்கு நிற்கும்போதே தறிச் சத்தம் வந்துவிடும்.

இந்த வருடம் முதலில் எதைச் செய்வது என்று பேச்சு. ஒருவர் சுற்றுச்சுவர் என்றார். ஒருவர் கழிப்பறைக் கதவு என்றார். தனியார் பள்ளியில் இருப்பதுபோலப் பெரிய டிவி வேண்டும் என்று இன்னொருவர். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "மூணாவதுல ஒரு புள்ளைகூட படிக்கத் தெரியாம இருக்கக் கூடாது. பொங்கலுக்குள்ள முடிச்சுக் காட்டறேன். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்" என்றேன். "அப்புடியே எழுதிக்குங்க டீச்சர்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

யாருக்கு எவ்வளவு படிக்கத் தெரியும் என்று பார்க்க மறுநாளே மூன்றாம் வகுப்புக்குத் தேர்வு வைத்தேன். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, செல்போனில் வரும் கேள்விகளை நான் படித்துக் கேட்க வேண்டும். பதில் சரியா தவறா என்று அதிலேயே அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். குனிந்த தலை நிமிராமல் ஒரே காலையில் வகுப்பையே முடித்துவிட்டேன்.

அதில் ஒருத்தி மட்டும் வாயே திறக்கவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து எப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண். "இந்தப் படத்துல எத்தனை ஆடு?" பதில் இல்லை. "இந்த வரியைப் படி." அதற்கும் இல்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். அதையும் செல்போனைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் தவறு என்று அழுத்திவிட்டு, பிள்ளைகளைத் தரம் பிரித்ததில் கடைசிப் பிரிவில் போட்டேன். அந்தப் பிரிவு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். பட்டியலைச் சுவரில் வேறு ஒட்டினேன்.

நாலு நாள் கழித்து அவள் அம்மா வந்தாள். சின்ன வயதிலிருந்தே தறி ஓட்டுகிறவள். தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது.

"ஏனுங்க டீச்சர், என்ற புள்ளய ஒண்ணாவதோட உக்கார வெச்சுட்டீங்களாமா?"

"கேட்ட கேள்விக்கு வாயே தொறக்கலீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

நான் பேசி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதை என்று நினைத்தேன். சண்டைக்கு வந்திருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். அவள் சண்டைக்கே வரவில்லை.

"படிப்பு ஏறலீன்னா உடுங்க டீச்சர். அஞ்சாவது முடிச்சதும் தறிக்குக் கூட்டிக்கறேன். எட்டு வயசுல நான் போகலீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். தீர்மானிக்க வைத்தது என் பட்டியல்.

வாசல் கேட்டுக்குப் போனவள் அங்கேயே நின்று திரும்பினாள். மகள் இந்தப் பக்கம் வராந்தாவில் நின்றாள். நடுவில் மைதானம் முழுக்க இருந்தது. அம்மா சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, கையால் ஏதோ காட்டினாள். மகளும் அப்படியே பதில் சொல்லித் தலையாட்டினாள். நான் விறுவிறுவென்று கேட்டுக்குப் போய் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"சாயங்காலம் மழ வந்தா சித்தியூட்டுக்குப் போயிருன்னு சொன்னேனுங்க."

"சத்தமே வரலையே."

"தறி ஓடறப்ப சத்தம் போட்டா ஆருக்குங்க கேக்குது? எங்கூட்ல எல்லாரும் இப்புடித்தானுங்க. வாயப் பாத்தாலே தெரிஞ்சுரும்."

அவள் போய்விட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வகுப்புக்குள் போய் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மற்ற பிள்ளைகள் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்துப் பையன் முழங்கையால் இடித்த பிறகுதான் திரும்பினாள்.

செல்போனைப் பைக்குள் போட்டேன். அவளை எதிரில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து அதே கேள்விகளைக் கேட்டேன். இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வார்த்தைகள் கொஞ்சம் மழுங்கித்தான் வந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கத்திப் பேசும் பிள்ளைகள் என்பதால் இரண்டு வருடமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபது வருடம் பாடம் நடத்திய எனக்கு ஒரு பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தெரியவில்லை. அன்றைக்கே பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளை மூன்றாம் வகுப்பில் பழைய இடத்திலேயே உட்காரவைத்தேன்.

அடுத்த வாரம் தாயையும் மகளையும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். சோதித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் பாதிக்குமேல் கேட்கவில்லை, சின்ன வயதில் சீழ் வடிந்ததைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள், காதுக்கருவி வைத்தால் நன்றாகப் படிப்பாள் என்றார். "ஏம்மா, பெத்தவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"எங்கூட்ல காதால கேட்டு ஆருங்க பேசறாங்க? எப்புடிங்க தெரியும்?" என்றாள் அவள். சொல்லும்போது அழுதுவிட்டாள். இனிமேல் தறிக்கு அனுப்பும் பேச்சையே எடுக்கக் கூடாது என்றேன். "இல்லீங்க டீச்சர், படிக்கட்டும்" என்றாள்.

டாக்டரம்மா கருவிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். அம்மா மேசைக்கு முதுகு காட்டிக் குனிந்து, மகளின் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தாள். சீட்டை நீட்டி, "ஏம்மா, இதை வாங்கிக்குங்க" என்றார் டாக்டரம்மா. அவள் திரும்பவில்லை. "ஏம்மா, உங்களைத்தான்" என்று குரலை உயர்த்தினார். வெளியே வரிசையில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவள் ரிப்பனை முடிந்துகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்திருப்பதற்குள், அம்மாவின் தோளுக்கு மேலாக டாக்டரம்மாவின் வாயைப் பார்த்துவிட்ட மகள், அம்மாவின் கன்னத்தைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அம்மா, உன்னத்தான் கூப்புடறாங்க."